தேள் மண்டலத்தில் தோன்றி மறைந்த விண்மீன்

(வெள்ளி விழாவையொட்டி ஓசூரில் நடைபெற்ற அறிவியல் அரங்கில் ஆற்றிய உரை)

    

எனக்கு முன் பேசியோர் இடஒதுக்கீட்டைப் பற்றியும், கல்வி உதவித்தொகையைப் பற்றியும், விடுதி மாணவர்களின் நலத்தைப் பற்றியும் விரிவாக எடுத்துரைத்தனர். அவை வயிற்றோடும் வாழ்வோடும் பிணைந்த செய்திகள். அவற்றுக்கிடையே ஒரு விண்மீனைப் பற்றிப் பேச நான் எழுந்து நிற்கிறேன். இஃது என்ன பொருத்தம் என்று பின்வரிசையில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பது எனக்குத் தெரிகிறது. ஐயா, கேள்வி நியாயமானதே. நம் பிள்ளைகளுக்கு ஊரார் பரிந்துரைக்கும் படிப்பெல்லாம் கைக்கு வேலை தரும் படிப்பாகவே இருக்கிறது. ஐ.டி.ஐ. சேர், ஃபிட்டர் ஆகலாம். டிப்ளமோ முடி, சிப்காட்டில் எடுத்துக்கொள்வார்கள் என்கின்றனர். நல்ல அறிவுரைதான். ஆனால் அறிவதற்காகவே அறியப்படும் பொருள்களும் உலகில் உள்ளன. அவற்றைக் கற்கும் ஓய்வும் துணிவும் பரம்பரையாகச் சிலருக்கே வாய்த்தவை என்று பிறர் சொல்லிச் சொல்லி, நாமும் அதனை நம்பத் தொடங்கிவிட்டோம். அந்த நம்பிக்கைக்கு அடிப்படை ஏதும் இல்லை என்பதற்கு இந்த விண்மீனின் வரலாறே சான்று.

அதனை முதன்முதல் கண்ட ஊர் சென்னை. 1863ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள், வைகாசி மாதம். நுங்கம்பாக்கத்து வான் ஆய்வகத்தில் அரசு வானியலாளராக இருந்த நார்மன் ராபர்ட் போக்சன் என்ற ஆங்கிலேயர், விருச்சிகம் என்று நாம் கூறும் தேள் மண்டலத்தை ஆராய்ந்தபோது, முன்பு ஏதும் தென்படாத இடத்தில் ஏறக்குறைய ஒன்பதாம் ஒளித்தரமுடைய ஒரு மீனைக் கண்டார். அடுத்தடுத்த இரவுகளில் அது மங்கிற்று. சில நாட்களில் அடையாளமே இல்லாமல் மறைந்தது. தேள் மண்டலத்து மாறுமீன்களின் வரிசையில் அதற்கு 'யு ஸ்கார்பியை' என்ற பெயர் நிலைத்தது.

அஃது எங்கே இருக்கிறது என்பதை மாணவர்கள் இன்றே தெரிந்துகொள்ளலாம். தேளின் நெஞ்சில் சிவந்து ஒளிரும் கேட்டை உங்களுக்குத் தெரியும். கையை நேராக நீட்டி முட்டியை மடக்கிப் பிடியுங்கள். அந்த முட்டியின் அகலத்திற்குச் சற்றுக் குறைவான தொலைவில், கேட்டைக்கு வடக்கே அந்த இடம் இருக்கிறது. இன்று பார்த்தால் அங்கே ஒன்றும் தெரியாது. பெரும்பாலான நாட்களில் அதன் ஒளித்தரம் 18.

ஒளித்தரம் என்ற சொல்லைச் சற்று விளக்க வேண்டும். விண்மீன்களின் ஒளியைப் படி இறங்குவது போலக் கணக்கிடுகின்றனர். எண் கூடக்கூட ஒளி குறையும். நல்ல இருளில் வெறுங்கண்ணுக்கு ஆறாம் தரம் வரை தெரியும். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் ஒளி ஏறக்குறைய 2.512 மடங்கு மாறும். ஐந்து படி இறங்கினால் சரியாக 100 மடங்கு. இந்த அளவுகோலை 1856ஆம் ஆண்டில் வகுத்துத் தந்தவரும் மேற்சொன்ன போக்சனே. அவருடைய கோலைக் கொண்டே அவர் கண்ட மீனை அளந்து பார்ப்போம். வெடிக்கும்போது யு ஸ்கார்பியை 18ஆம் தரத்திலிருந்து ஏறக்குறைய ஏழரைத் தரத்திற்கு ஏறுகிறது. இடைவெளி பத்தரைப் படி. பத்துப் படிக்கு 10,000 மடங்கு. எஞ்சிய அரைப் படிக்கு ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். ஆக, 15,000 மடங்குக்கும் மேலாக அதன் ஒளி பெருகுகிறது. ஏறுவதும் விரைவு, இறங்குவதும் விரைவு. உச்சத்திற்குப் பின் மூன்று நாட்களுக்குள் ஒளி பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. அந்த மூன்று இரவுகளில் மேகம் மூடினாலோ, பார்ப்பவர் உறங்கினாலோ போயிற்று.

இவ்வளவு பெரிய சீற்றம் எங்கிருந்து வருகிறது? அது தனி மீன் இல்லை. இரண்டு மீன்கள் ஒன்றையொன்று முப்பது மணி நேரத்திற்கு ஒரு முறை சுற்றி வருகின்றன. ஒன்று வெண்குள்ள மீன். நம் கதிரவனை விட மிகுதியான பொருள், பூமியின் பருமனை விடச் சிறிய உருண்டைக்குள் நெருக்குண்டு கிடக்கிறது. அதில் ஒரு தீப்பெட்டி நிறைய எடுத்தால் பல டன் எடை இருக்கும். அதன் துணை மீன் வழக்கமான வாயுக் கோளம். துணையிடமிருந்து ஹைட்ரஜன் வாயுவை வெண்குள்ள மீன் ஓயாமல் இழுத்துத் தன்மேல் போர்த்துக்கொள்கிறது.

நம் மாவட்டத்துக் கல் குவாரிகளில் உழைத்தோர் இந்த அவையில் பலர் உள்ளனர். பாறையில் துளையிட்டு மருந்து கெட்டித்த பின் அந்தப் பாறை எவ்வளவு அமைதியாக இருக்கும் என்பதை அவர்கள் அறிவர். வெண்குள்ள மீனும் அப்படித்தான் பல ஆண்டுகள் அமைதியாக மருந்து கெட்டித்துக்கொண்டிருக்கிறது. படிந்த வாயுவின் அடித்தளம் நெருக்கத்தால் சூடேறிக் கோடிக்கணக்கான பாகையை எட்டும்போது அணுக்கரு இணைவு தொடங்குகிறது. சாதாரண வாயு சூடானால் விரியும், விரிந்தால் தணியும். வீட்டுக் குக்கரின் விசில் போல அஃது ஒரு பாதுகாப்பு. இங்கே நெருக்குண்ட வாயுவுக்கு அந்த விசில் இல்லை. சூடேறியும் அது விரிவதில்லை. விரியாமையால் சூடு மேலும் ஏறுகிறது. சூடு ஏற ஏற இணைவு மேலும் விரைகிறது. இறுதியில் போர்வை முழுவதும் நொடிக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் விரைவில் தெறித்து எழுகிறது. குவாரிப் பாறை வெடித்தால் பிளந்துபோகும். இங்கோ மேலே படிந்த தோல்தான் போகிறது. உள்ளிருக்கும் மீன் அப்படியே நின்று, மறுபடியும் வாயுவை இழுக்கத் தொடங்குகிறது.

இத்தகைய இரட்டைகளைச் சீற்ற மாறுமீன்கள் என்பர். அவற்றுள் இவ்வாறு மேற்போர்வை வெடித்து ஒளிர்பவை நோவாக்கள். ஒருவர் வாழ்நாளுக்குள் மீண்டும் மீண்டும் வெடிக்கக் காணப்பட்டவை மீள்நோவாக்கள். நம் பால்வீதியில் அறியப்பட்டவை பத்தை ஒட்டிய எண்ணிக்கையே. வெண்குள்ள மீன் எவ்வளவு கனமானதோ அவ்வளவு விரைவாக அதன் வெடிப்புகள் வரும். அந்தக் கனத்திற்கும் ஓர் எல்லை உண்டு. கதிரவனைப் போல் ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேல் போனால் வெண்குள்ள மீன் தன்னைத் தாங்கி நிற்க இயலாது. 1930ஆம் ஆண்டில் சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டு, இங்கிலாந்து செல்லும் கப்பலில் இதனைக் கணக்கிடத் தொடங்கிய பத்தொன்பது வயது இளைஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர், 1983ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். சென்னையில் 1863இல் கண்ட மீன், சென்னை மாணவர் வரைந்த அந்த எல்லைக் கோட்டின் விளிம்பை ஒட்டியே நிற்கிறது.

இனி நான் சொல்ல வந்த இடத்திற்கு வருகிறேன். யு ஸ்கார்பியை ஏறக்குறைய பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை வெடிக்கும் மீன் என்பதை இன்று அறிவோம். ஆனால் போக்சன் கண்ட பின் அடுத்த வெடிப்பை வானில் நேரே கண்டது எப்போது தெரியுமா? 1979ஆம் ஆண்டு ஜூன் மாதம். இடையில் 116 ஆண்டுகள்! அத்தனை ஆண்டும் விண்மீன் தன் கடமையைச் செய்துகொண்டுதான் இருந்தது. அந்த மூன்று நாட்களில் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தவர் இல்லை. 1940ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு ஆய்வகத்தில் ஹெலன் தாமஸ் என்ற பெண்மணி, பழைய கண்ணாடிப் படத் தட்டுகளைத் தேடி, 1906, 1936 ஆகிய ஆண்டுகளில் அது வெடித்திருந்ததைக் கண்டார். 1917, 1945, 1969 ஆகியவை இன்னும் பிற்காலத்தில் பழைய பதிவுகளிலிருந்து தெரியவந்தன. படத்தில் பதிந்தும் பார்க்கப்படாமல் கிடந்த வெடிப்புகள் அவை.

அந்த ஹார்வர்டு ஆய்வகத்தின் மற்றொரு பெண்மணியைப் பற்றியும் நம் தாய்மார்கள் அறிய வேண்டும். வில்லியமினா பிளெமிங் ஸ்காட்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர். வயிற்றில் குழந்தையோடு கணவனால் கைவிடப்பட்டு, ஆய்வக இயக்குநரின் வீட்டில் வேலைக்காரியாகச் சேர்ந்தார். அங்கிருந்து ஆய்வகத்துக்குள் எழுத்து வேலைக்கு வந்து, முந்நூறுக்கு மேற்பட்ட மாறுமீன்களையும் பத்து நோவாக்களையும் படத் தட்டுகளில் கண்டுபிடித்தார். ஆர்.எஸ். ஒஃபியூக்கி என்ற மீள்நோவா 1898இல் வெடித்த செய்தி வெளிப்பட்டது அவருடைய கண்ணால். பாத்திரம் துலக்கிய கை என்று வானம் அவரை விலக்கவில்லை. (விலக்க முயன்ற மனிதர்கள் இருந்தனர், ஆண்களுக்குத் தந்த ஊதியத்தை அவருக்குத் தரவில்லை.)

நம் சென்னை ஆய்வகத்தின் நிலை வேறு. 1792இல் எழுந்த அந்த ஆய்வகத்தில் கருவியைத் தாங்க, பதினைந்து அடி உயரமும் பத்து டன் எடையும் உள்ள ஒரு கருங்கல் தூணை நிறுத்தினர். நுங்கம்பாக்கத்து வானிலை அலுவலக வளாகத்தில் அது நிற்கிறது. தமிழிலும் தெலுங்கிலும் கூட அதில் எழுத்துப் பொறித்துள்ளனர். கணித அறிவியலை ஆசியாவில் ஆங்கிலேயரே நட்டனர் என்ற பெருமிதமும் அதில் உண்டு. அதைப் படித்துச் சிரித்துக்கொள்ளலாம். கட்டடக் கலைஞரின் பெயர் அதில் இருக்கிறது. கல்லை வெட்டி இழுத்து நிறுத்தியோரின் பெயரை யாரும் பொறிக்கவில்லை. போக்சன் காலத்தில் அங்குப் பணியாற்றி, 1867இல் தாமே ஒரு மாறுமீனைக் கண்டறிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி சிறந்த வானியலாளர். பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். நம் முன்னோரில் பெரும்பாலோர்க்கு அந்நாளில் பள்ளிக்கூட வாசலே திறந்திருக்கவில்லை. இதே கதை நமக்கு அருகிலும் உண்டு. உங்களில் பலருடைய உறவினர் கோலார் தங்கவயலில் உழைத்தவர்கள். அச்சுரங்கத்தின் ஆழத்தில் 1965ஆம் ஆண்டில், வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்ற நுண்துகளை அறிவியலாளர் முதன்முதலாகக் கண்டனர். சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. அவ்வளவு ஆழத்தைத் தோண்டியவர்களின் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நியூட்ரினோ என்றால் என்னவென்று சொல்லிக் கொடுத்தோம்?

குறை சொல்வதோடு நிற்பது என் நோக்கமன்று. கிருஷ்ணகிரிக்குக் கிழக்கே, திருப்பத்தூருக்கு அப்பால், ஆலங்காயத்தை அடுத்து ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. வேணு பாப்பு என்ற வானியல் மேதை இருண்ட வானத்தைத் தேடித் தேர்ந்த இடம் அது. 1968இல் அங்கே பணி தொடங்கியது. 1977இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது வெளிப்பட்டபோது காவலூரும் அதில் பங்கு கொண்டது. 1985 ஜனவரியில் ஆர்.எஸ். ஒஃபியூக்கி மறுபடி வெடித்தபோது, அதன் ஒளியைப் பிரித்து நிறமாலைகளாகப் பதிவு செய்தனர், ஜி.சி. அனுபமாவும் டி.பி. பிரபுவும் அவற்றை ஆராய்ந்து 1989இல் கட்டுரை வெளியிட்டனர். அந்த இரட்டையில் துணை மீன் ஒரு செம்பெரு மீன். அதிலிருந்து எப்போதும் வீசும் வாயுக் காற்றின்மேல், வெடித்தெழுந்த போர்வை மோதுகிறது. 2021 ஆகஸ்டு 8ஆம் நாள் அதே மீன் மீண்டும் வெடித்து, இருண்ட வானில் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. ஒரு நோவாவிலிருந்து மிக உயர்ந்த ஆற்றலுடைய காமாக் கதிர்கள் வருவதை நமீபியா நாட்டிலுள்ள தொலைநோக்கிகள் முதன்முறையாக அப்போது கண்டன. நமக்கு அது ஆடி மாதம். மேகத்திற்கு வானியல் தெரியாது.

காவலூரோடு தொடர்புடைய ஒரு சிறு தொலைநோக்கியின் கதை இன்னும் இனிது. வங்காளத்தின் ஜெசோர் நகரில் ராதாகோவிந்த சந்திரர் என்றொருவர் இருந்தார். பள்ளி இறுதித் தேர்வில் மூன்று முறை தோற்றவர். கருவூலத்தில் சிறு வேலை. 1918 ஜூன் மாதத்தில் கழுகு மண்டலத்தில் ஒரு நோவா பெருஞ்சுடராக எழுந்தபோது, அவர் தாமே அதனைக் கண்டு, முறையாகக் குறித்து, ஹார்வர்டுக்கு எழுதினார். அமெரிக்க மாறுமீன் நோக்குநர் சங்கம் அவரை உறுப்பினராக்கி, 1926இல் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கடல் கடந்து அனுப்பி வைத்தது. 1954 வரை அவர் எழுதிய குறிப்புகள் முப்பத்தேழாயிரத்திற்கு மேல். தம்மால் இயலாத முதுமை வந்ததும் கருவியைத் திருப்பி ஒப்படைத்தார். அது வேணு பாப்புவின் கைக்கு வந்து, பின்னர் காவலூர் சென்று சேர்ந்தது. மூன்று முறை தோற்ற மாணவர் இந்த அவையில் யாரேனும் இருந்தால், தலை நிமிர்ந்து உட்காரட்டும்.

வெடிப்பைக் காண்பவர் யார் என்று பாருங்கள். வடமகுடம் என்ற மண்டலத்தில் எண்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை வெடிக்கும் மீன் ஒன்று உள்ளது. 'டி' என்ற எழுத்தால் குறிப்பர். 1866 மே 12ஆம் நாள் இரவு, நண்பர் வீட்டிலிருந்து நடந்து திரும்பிய ஜான் பர்மிங்காம் என்ற அயர்லாந்துக்காரர் அதனைக் கண்டார். அடுத்து 1946 பிப்ரவரி. லெஸ்லி பெல்டியர் என்ற புகழ்பெற்ற அமெரிக்க நோக்குநர் இருபத்தைந்து ஆண்டுகளாக அதனைக் காத்திருந்தவர். அன்றைய விடியற்காலை எழுந்தார்; தொண்டை கரகரத்தது; மறுபடி படுத்துவிட்டார். மீன் அன்றுதான் வெடித்தது! அதனைக் கண்டவர்களுள் ஒருவர் சோவியத் நாட்டின் காமென்சுக். அவர் தண்டவாளத்தை நடந்து சோதிக்கும் ரயில்வே தொழிலாளி. வேல்ஸ் நாட்டில் 15 வயதுப் பள்ளிச் சிறுவன் ஒருவனும் சன்னல் வழியே கண்டு எழுதினான்.

இரவில் விழித்திருப்பவர்க்கே இந்தக் காட்சி. நம் ஓசூரில் இரவில் விழித்திருப்பவர் யார்? மூன்றாம் ஷிப்டு முடிந்து கம்பெனிப் பேருந்தில் இறங்கி வீட்டுக்கு நடப்பவர். கேட்டில் நிற்கும் காவலர். கேளமங்கலத்திற்கும் இராயக்கோட்டைக்கும் இடையே விளக்கைப் பிடித்துத் தண்டவாளம் பார்க்கும் கேங்மேன். விடியுமுன் பூந்தோட்டத்துக்குப் போகும் தாய்மார்கள். அவர்களில் நம் மக்கள் எத்தனை பேர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஓசூர் வானம் கெட்டுவிட்டது, உண்மை. வடமேற்கே பெங்களூரின் வெளிச்சம், சுற்றிலும் ஆலை விளக்குகள். ஆனால் வடமகுடத்து மீன் பத்தாம் தரத்திலிருந்து இரண்டாம் தரத்திற்கு ஏறும் மீன். வெடித்தால் பேருந்து நிலையத்து வாசலிலிருந்தும் தெரியும். யு ஸ்கார்பியை ஏழரைத் தரம்தான். அதற்கு ஒரு நல்ல இருகண் நோக்கியும், தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் அஞ்செட்டிப் பக்கத்து இருட்டும் வேண்டும்.

வடமகுடத்து மீன் 2024இல் வெடிக்கும் என்று நாள் குறித்தோர் உண்டு. அவ்வாண்டு கடந்து போயிற்று, மீன் அசையவில்லை. யு ஸ்கார்பியையைப் பற்றி ஓர் அமெரிக்கப் பேராசிரியர் கணித்தது 2009ஐ ஒட்டி. வெடித்தது 2010 ஜனவரி 28. கண்டவர் ஃபுளோரிடாவைச் சேர்ந்த அமெச்சூர்கள் இருவர், ஒரே விடியலில், தனித்தனியாக. அடுத்தது 2022 ஜூன் 6; கண்டது ஜப்பானியர் ஒருவர். ஆகவே இனி வரவிருப்பது 2030ஐ ஒட்டிய ஆண்டுகளில் இருக்கலாம். இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அப்போது கல்லூரிப் பருவத்தில் இருப்பர்.

ஆகையால் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். நம் படிப்பகத்தில் ஓர் இரவுக் குறிப்பேடு வைக்க வேண்டும். இருகண் நோக்கி ஒன்று வாங்கி, நூல் இரவல் தருவது போல அதையும் இரவல் தர வேண்டும். ஆனி மாதத்து இரவு பத்து மணிக்கு உச்சிக்குச் சற்று வடக்கே பார்த்தால், அரைவட்டமாக ஏழு மீன்கள் தெரியும், சுவாதிக்குக் கிழக்கே. அதுவே வடமகுடம். அதன் கிழக்கு முனையை ஒட்டிய இடத்தை மனப்பாடம் செய்யுங்கள். மகுடத்தின் நடுமணி போன்ற பெரிய மீன் ஏறக்குறைய இரண்டாம் தரம். வெடிக்கும் மீனை அதனோடுதான் ஒப்பிட வேண்டும்.

குறிப்பேட்டில் எழுத வேண்டியவை சிலவே. தேதி, மணியும் நிமிடமும், பார்த்த இடம், மேகம் இருந்ததா, நிலவு இருந்ததா, எந்த மீனோடு ஒப்பிட்டீர்கள், பார்த்தவர் பெயர். பெயரை முழுமையாக எழுதுங்கள், கையொப்பத்தோடு. மீன் தெரியாத இரவிலும், 'பார்த்தேன், காணவில்லை' என்று எழுத வேண்டும். யு ஸ்கார்பியையின் பழைய வெடிப்புகளைத் தேடியவர்களுக்கு, எந்தெந்த இரவுகளில் அது வெடிக்கவில்லை என்று சொல்லும் பதிவுகளும் பெரிதும் தேவைப்பட்டன. முதல் நாற்பது பக்கங்களுக்குக் கோடிட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் படிப்பகப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்துவிடுகிறேன். இன்று இரவு மேகம் இல்லை.